பதினோராவது தட்டு

நான் ஒரு காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் என்னை முந்திக்கொண்டு போகிறவர்களைக்கூட நான் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. ஆனாலும் இது சத்தியம். கலெக்டர் கையெழுத்துப் போட்ட லைசென்சுடன், எண்ணெய் போட்டுத் துடைத்த ஒரு துப்பாக்கி, அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பீரோவின் தலைமேல் ஒன்பது வருடம் படுத்துக் கிடந்தது.

வேட்டைக்கும் காட்டுப் பயணத்துக்கும் என்று ஆசை ஆசையாக வாங்கியது. அது காட்டைப் பார்த்தது ஒரே ஒரு முறை. போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்தது பல முறை. ஏனென்றால் தேர்தல் அறிவித்தவுடன், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு போய்த் திருப்பி எடுத்துவர வேண்டும். (நம் ஊரில் தேர்தலுக்கு என்ன பஞ்சம்?) அப்படி ஒரு தேர்தல் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாக நட்டு. சாயந்தரம் வாடகை நூலகத்தில் எடுத்துவந்த வேட்டைக் கதைகள். புலி, மான், கூடாரம், தீமூட்டிக் காப்பி என்று படித்துப் படித்து, எனக்குள் ஒரு வேட்டைக்காரன் வந்து குடியேறிவிட்டான். வெளியே இருந்த உடம்பு ஐம்பத்திரண்டு கிலோ.

எங்கள் தெருவில் டெஸ்மண்ட் அங்கிள் என்று ஒரு ரிட்டையர்டு ரயில்வே கார்டு இருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு மகளிடம் போய்விடுவதற்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து எல்லாரும் கட்டில், கிராமபோன், இட்லிப் பானை என்று உருப்படியாக வாங்கினார்கள். நான் துப்பாக்கியைப் பார்த்தேன். நீளத் துப்பாக்கி புதரில் மாட்டிக்கொள்ளும், தோளை முறிக்கும், இது அப்படி இல்லை என்றார் அவர். குட்டைக் குழல், லேசான எடை, கார்பைன் என்று பெயர், ஜீப்பிலும் வைக்கலாம், கூடாரத்திலும் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம் என்றார். என்னிடம் ஜீப்பும் இல்லை, கூடாரமும் இல்லை. ஒரு சைக்கிள் இருந்தது. அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

லைசென்சுக்கு ஒன்றரை வருடம் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'வேட்டை' என்று கம்பீரமாக எழுதியிருந்தேன். அங்கிருந்த கிளார்க் அதைப் படித்துவிட்டு, வேட்டையைத் தடை செய்து எத்தனையோ வருடம் ஆகிறது, வேறு ஏதாவது எழுதுங்கள் என்றார். மூளை உள்ளவனாக இருந்தால் அப்படியே திரும்பியிருப்பான். நான் அடித்துவிட்டு 'தற்காப்பு' என்று எழுதினேன். யாரிடமிருந்து என்று கேட்டார். சட்டென்று எங்கள் ஃபோர்மேன் முகம்தான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று முதலில் பார்க்க வந்தவன் ஜெகன். எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன், என் உயிர் நண்பன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்க மாமே?" என்றான்.

அதோடு நாங்கள் செய்த காட்டுப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குக் காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி சகிதம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மணி நேரத்தில் ஒரு வனக்காவலர் எங்களைப் பிடித்துக்கொண்டார். லைசென்சைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், கோபப்படக்கூட அவருக்கு மனம் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்த ஏமாற்றத்தைத் தீர்த்துக்கொள்ள, திருமழிசையில் ஜெகனின் மாமா நிலத்தில் ஒரு தேங்காயை மண்மேட்டில் வைத்து மூன்று தடவை சுட்டேன். அந்தத் தேங்காயை மறுநாள் அம்மா சட்னி அரைத்தாள். முழுசாகத்தான் இருந்தது.

அதன் பிறகு என் வேட்டை வாழ்க்கை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு வாசலில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைப்பதோடு நின்றுபோனது. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் துடைப்பேன்.

இப்படி இருக்கையில்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லியிலிருந்து அந்த வரன் வந்தது. பெண் பெயர் கிரேஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் அப்பா தேவநேசன், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முப்பது வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடிதடி, வெட்டுக்குத்து என்று தினமும் கேஸ் கட்டுகளாகவே பார்த்து அலுத்துப்போன மனுஷர். பையன் சாதுவாக இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா அவரிடம், என் மகன் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டான் என்று சொன்னாள். அது பொய் இல்லை. பீரோ மேலே இருப்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிரேஸ் காப்பி கொடுக்கும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது, இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளாவிட்டால் அது நான் இல்லை என்று. துப்பாக்கி விஷயத்தைச் சொல்லிவிடலாம் அம்மா என்று பஸ்ஸில் வரும்போது சொன்னேன். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நானும் சரி என்றேன். (இதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சொல்லாமல் இருந்தவன் நான்.)

நிச்சயதார்த்தம் ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு, பெண் வீட்டில். அதற்குள் தேர்தலும் வந்து தொலைத்தது. ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோட்டு தைக்கக் கொடுத்த அவசரத்தில் நான் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். நிச்சயதார்த்தத்தன்று காலை ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்துவிட்டார். இன்று ஆறு மணிதான் கடைசி, தாண்டினால் லைசென்ஸ் ரத்து, கேஸும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடினேன். ஸ்டேஷனில் ஆயுத அறை பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த ரைட்டர் ஏதோ பொதுக்கூட்டப் பாதுகாப்புக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்கு மேல் வாருங்கள் என்றார்கள்.

ஜெகன்தான் வழி சொன்னான். பெண் வீட்டுக்குப் போக வாடகைக்குப் பேசியிருந்த அம்பாசிடர் டிக்கியில் துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு போய்விடுவது. மோதிரம் மாற்றியதும் ஐந்து மணிக்கு நைசாகக் கிளம்பி நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சரிப்படாது. எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கேட் மூடினால் அரை மணி நேரம் அம்பேல். "சின்னதாத்தான கீது மாமே, எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான். டெஸ்மண்ட் அங்கிள் மெச்சிய அதே குணம். நீளத் துப்பாக்கியாக இருந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது.

நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் வெறும் இரும்பு வரக்கூடாது என்று அம்மா அதை ஜரிகைக் கரை போட்ட ஒரு புதுத் துண்டில் பதமாகச் சுற்றி, இரண்டு இடத்தில் முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. வினை அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

பூந்தமல்லி போய்ச் சேர்ந்ததும் என்னையும் அம்மாவையும் உள்ளே அழைத்துப்போய்ப் போதகர் ஐயா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். டிக்கிக்குக் காவல் இருக்க வேண்டிய ஜெகன் டீ குடிக்கப் போய்விட்டான். வெளியே என் ரூபி சித்தி பெண்களை வரிசையாக நிறுத்தி, சீர்த்தட்டுகளைச் சரிபார்த்தாள். பத்துதான் இருந்தது. பூத்தட்டை அம்பத்தூரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். நாங்கள் வாராவாரம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று பைபிளில் எங்கேயும் இல்லைதான். ஆனால் பத்துத் தட்டோடு ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்ட என் சித்தியை யாராலும் சம்மதிக்க வைக்க முடியாது. டிக்கியை எட்டிப் பார்த்தாள். ஜரிகைத் துண்டில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கனமாக ஒன்று. ("ஏதோ வெள்ளிச் சாமான்னு நெனச்சேன்டா," என்றாள் பிறகு.) காலித் தாம்பாளம் ஒன்றில் அதைக் குறுக்காக வைத்து, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அதன்மேல் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் புதுக் கோட்டும் ரோஜாப்பூவுமாக உட்கார்ந்து தட்டுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள் வந்தது. சாத்துக்குடி வந்தது. லட்டு, புடவை, வாழைப்பழம் என்று எல்லாம் வந்தது. கடைசியாகச் சித்தி, முகமெல்லாம் சிரிப்பாக, தாம்பாளத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த என் கார்பைனோடு வந்தாள். அதைச் சரியாகத் தேவநேசன் காலடியில் வைத்தாள். அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே கண்ணை மூடியிருந்தாள்.

ஒரே ஒரு வழி தெரிந்தது. முதலில் ஜெபம், பிறகுதான் தட்டுகளைப் பிரிப்பார்கள். எங்கள் போதகர் ஐயாவின் ஜெபம் நீளத்துக்குப் பேர்போனது. சபையார் மட்டுமல்லாமல் நாடு, நகரம், மழை, மந்திரிசபை எல்லாவற்றையும் தொட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது மெதுவாக எழுந்து தட்டைக் கொண்டுபோய்ச் சமையலறைப் பக்கம் வைத்துவிடலாம். ஜெபம் தொடங்கியது. எழுந்தேன். நுனிக்காலில் மூன்று எட்டு வைத்தேன். குனிந்து தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தேன்.

"ஆமென்," என்றார் போதகர் ஐயா. அவருக்கு ஆறு மணிக்கு வேறு ஒரு வீட்டுப் பிரதிஷ்டை இருந்ததாம்.

நாற்பது பேர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். கிரேஸின் அத்தை, மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் பாருங்கள், தன் கையாலேயே பிரித்துக்காட்ட ஆசைப்படுகிறார் என்று சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். உதவிக்கு வந்து, முடிச்சை அவிழ்த்து, துண்டையும் இழுத்துவிட்டார்.

துண்டுக்குள்ளிருந்து கார்பைன் முழுசாக வெளியே வந்தது.

வாசலில் டீக்கடையிலிருந்து திரும்பி வந்து நின்ற ஜெகன் என்னைக் காப்பாற்ற நினைத்து, "ஒர்ஜினல்தான் சார், ஆனா அத்த வச்சி யாரயும் போட்டதில்ல," என்றான். யாரோ ஒரு பெரியவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தேவநேசன் சத்தம் போடவில்லை. அம்மாவைப் பார்த்து, எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டார் என்று சொன்னீர்களே என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அம்மா அழுதுகொண்டே, "இன்னும் எதையும் சுடலைங்க," என்றாள். அந்த 'இன்னும்' அவ்வளவு நன்றாக எடுபடவில்லை.

அவர் என் பக்கம் திரும்பி, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், முத்திரை எல்லாம் படித்தார். சபையே காத்திருந்தது. பிறகு, தேர்தல் அறிவித்தாகிவிட்டதே, இது ஏன் இன்னும் வெளியே இருக்கிறது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டெஸ்மண்ட் அங்கிள், காஞ்சிபுரம், வனக்காவலர், இன்று ஆறு மணி வரை. உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், கண்ணில் தண்ணீர்.

அப்போது உள்ளறை வாசலிலிருந்து கிரேஸ் கேட்டாள். "இத வச்சு எதையாவது சுட்டிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தேங்காய்."

"பட்டுதா?"

"இல்லை."

கிரேஸ் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சிரித்தது அவள் ஒருத்திதான். எனக்கு அது போதுமாக இருந்தது, ஆனால் முடிவு அவள் அப்பா கையில் இருந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். மோதிரம் அப்புறம், முதலில் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று எழுந்தார். கெடு முடிகிற நாளில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் ஒரு காரியமும் நடக்காதாம். துப்பாக்கியைத் தொட யாருக்கும் தைரியம் இல்லாததால், தாம்பாளத்தோடு அப்படியே தூக்கி அவரே மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று போதகர் ஐயாவையும் ஏற்றிக்கொண்டார். (வீட்டுப் பிரதிஷ்டை தள்ளிப்போனது. அந்த ஜெபத்தை அவர் நிதானமாகவே பண்ணியிருக்கலாம்.) வண்டி கிளம்பும்போது கிரேஸ் கேட்டுக்கு ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினாள். என் லைசென்ஸ். ஆப்பிள் தட்டின் மேலேயே இருந்ததாம்.

வானகரத்தில் ஒரு கட்சி ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. தாரை தப்பட்டை, கொடி, ஆட்டம். பிரசாரம் நடக்கிற இடத்தில் மடியில் துப்பாக்கியோடு ஒரு ரிட்டையர்டு பெஞ்ச் கிளார்க். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்ததைப் பார்த்தேன். அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது. ஜெகன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "அண்ணாத்தே, நிச்சயதார்த்த வண்டிபா, தட்டு எட்த்துகினு போறோம், கொஞ்சம் வயி உடு," என்றான். கொடியோடு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளை அங்கியில் போதகர், கோட்டு சூட்டில் நான், மல்லிகைப் பூவோடு தாம்பாளம். கும்பலையே ஒதுக்கி வழி விட்டதோடு, தேவநேசன் கையில் ஒரு நோட்டீசைக் கொடுத்து, மறக்காமல் குடும்பத்தோடு ஓட்டுப் போடுங்கள் என்று கும்பிட்டார். போடுகிறேன் என்று அவரும் பணிவாகச் சொன்னார்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் நுழையும்போது ஆறுக்குப் பத்து நிமிஷம். ரைட்டர் அப்போதுதான் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரியவர், போதகர், மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவன், தாம்பாளம் எல்லாவற்றையும் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"கல்யாணம் எப்ப சார்?" என்றார்.

"அது இன்னும் முடிவாகலை," என்றார் தேவநேசன்.

துண்டை விலக்கியதும் ரைட்டர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். பெரிய ரிஜிஸ்டரைப் பிரித்தார். குழல் நீளத்தை மர ஸ்கேலால் அளந்து எழுதினார். மல்லிகைச் சரத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் எடுத்து என் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்து, கூட வந்தவர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள், பெயர், விலாசம், லைசென்ஸ்தாரருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள் என்றார்.

தேவநேசன் பேனாவை வாங்கினார். பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. 'தெரிந்தவர்' என்று எழுதினால் போதும். அது பொய்யும் இல்லை. முப்பது வருடம் கோர்ட்டில் இருந்தவர், பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூடத் தப்பாக எழுதமாட்டார். நான் வருடக்கணக்காகக் காட்டை நினைத்து ஏங்கியிருக்கிறேன். அன்று அந்த ஒரு கட்டத்துக்காக ஏங்கியதில் அது நூறில் ஒரு பங்கு வராது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரோஜாப்பூ தலைகீழாகத் தொங்க, கையில் மல்லிகைச் சரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் குனிந்து எழுதினார். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரைட்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி உரக்கப் படித்தார். "தேவநேசன், பூந்தமல்லி. உறவு, மாமனார்." பிறகு நிமிர்ந்து, "இப்பத்தான் முடிவாகலைன்னீங்க?" என்றார்.

"ரிஜிஸ்டர்ல எழுதியாச்சு. இனிமே அடிச்சுத் திருத்தக்கூடாது," என்றார் என் மாமனார்.

ஏழு மணிக்கு மேல் பூந்தமல்லியில் மோதிரம் மாற்றினோம். ஸ்டேஷனில் கொடுத்த ரசீதைத் தாம்பாளத்தில் வைத்து, அந்த மல்லிகைச் சரத்தையும் மேலே போட்டு, சித்தியே கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். இப்போது பதினொன்று சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

துப்பாக்கியைப் பிறகு நிரந்தரமாகவே ஒப்படைத்துவிட்டேன். ஆனால் மாமனார் இருந்தவரை, தேர்தல் அறிவித்த அன்றே பூந்தமல்லியிலிருந்து போன் வரும். "மாப்பிள்ளை, தட்டு கிளம்பியாச்சா?" என்பார். துப்பாக்கி போன பிறகும் கேட்டார். எங்கள் உறவில் இன்றைக்கும் எந்த நிச்சயதார்த்தமானாலும் தட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஜெபம். ஏன் என்று புதுச் சம்பந்திகள் கேட்பார்கள். எல்லாரும் என்னைக் கை காட்டுவார்கள்.

அந்த ரசீதின் நகல் கிரேஸின் பைபிளில் இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. வந்தால் அவள் அந்தக் காகிதத்தை எடுத்து என் எதிரில் வைப்பாள். "எங்கப்பா ரிஜிஸ்டர்ல எழுதிட்டாரு. அடிச்சுத் திருத்தக்கூடாதுன்னுதான் பாக்கறேன்," என்பாள். அதற்கு மேல் என்னால் சண்டை போட முடிந்ததில்லை.